விற்கும் உரிமை

உண்டியும் உடையும் போல உறையுளும் மக்கட்கு இன்றியமையாதது. அதனைப் பெறுதற்பொருட்டுத் தம் வாழ்நாள் ஈட்டத்தையெல்லாம் செலவிடுவோர் பலர். ஆதலின், வீட்டை விற்பவர்க்கு விற்கும் உரிமை உண்டோ என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாகிய தென்னூரில், இந்துக் குடும்பத் தலைவர் ஒருவர் தம் உழைப்பால் வீடு கட்டி, உயில் எழுதாமலே இறந்தார் எனக் கொள்வோம். மனைவி, மகன், மகள் ஆகிய மூவரே அவருடைய வாரிசுகள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவர்க்கும் சம பங்கு உண்டு. மகன் மட்டும் கையொப்பமிட்டு வீடு முழுவதையும் விற்பானாயின், மூன்றில் ஒரு பங்கே வாங்கியவரைச் சேரும். தாயின் பங்கும் தமக்கையின் பங்கும் அவர்களிடமே நிற்கும்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டின் விற்பனை, பதிவு செய்த பத்திரத்தாலேயே நிறைவேறும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். ஆயினும், இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்குவதில்லை. உரிமையைத் தீர்மானித்தல் பதிவாளரின் பணியன்று என, தமிழகப் பதிவு விதியொன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025-இல் கூறியது.

வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களையே காட்டும்; தந்தையின் இறப்பும் வாரிசுகளின் பெயரும் அதில் தோன்றா. ஆதலின், தாய்ப்பத்திரத்தோடு வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றையும் காணல் வேண்டும். வாரிசுகள் அனைவரும் கையொப்பமிடல் வேண்டும். இவ்வாறு செய்யின், வாங்குவோர் பொருளை இழவார். தாயும் மகளும் தம் இல்லத்தை இழவார்.