இருபது நிமிடம், ஒரு நிபந்தனை

வேலைக்கும் போய்க்கொண்டு கதையும் எழுதுகிறவர்கள் நேரமே கிடைப்பதில்லை என்பார்கள். பாதி உண்மை. கிடைக்கிற அரை மணியை என்ன செய்வதென்று தெரியாமல் விடுவது மீதிப் பாதி. பாதியில் நிற்கும் கதையைத் திறப்போம், முதல் பத்தியைப் படிப்போம், ஒரு அடைமொழியை மாற்றுவோம், குக்கர் விசில் அடித்துவிடும். அந்த அரை மணி கதைக்குப் போதாது, பயிற்சிக்குத் தாராளம்.

பயிற்சி என்றதும் பக்கக் கணக்கு போடத் தொடங்கிவிடாதீர்கள். 47 நாவல்கள் எழுதிய ஆன்டனி டிரோலப் நெடுங்காலம் இங்கிலாந்துத் தபால் துறை அதிகாரி. விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதியவர். அந்த ஒழுங்கைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஆனால் அது உற்பத்தி. தினம் ஆயிரம் சொல் எழுதினால் நம் பழைய கோணல்களும் ஆயிரம் சொல்லுக்குச் சேர்ந்தே வளரும். காலையில் எழுந்ததும் மனம் போன போக்கில் மூன்று பக்கம் எழுதச் சொல்கிறார் ஜூலியா கேமரன் (‘த ஆர்ட்டிஸ்ட்ஸ் வே’, 1992). மனத்தடை உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. கதை கைவர அது போதாது என்பது என் கட்சி. கதைப் பயிற்சிக்கு ஒரு நிபந்தனை வேண்டும். உங்களுக்குச் சுலபமாக வருவதை அது தடுக்க வேண்டும்.

இந்த வகையில் நான் பார்த்தவற்றுள் ஆகச் சிறந்தது, அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னர் ‘த ஆர்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்’ (1983) நூலில் தருவது. போரில் மகனைப் பறிகொடுத்த ஒருவர் ஒரு தானியக் கொட்டகையைப் பார்க்கிறார். கொட்டகையை மட்டும் எழுத வேண்டும். மகன், போர், சாவு மூன்றையும் குறிப்பிடக் கூடாது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஒருவருக்கு நேற்று வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு கிளம்பி வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டை எழுதுங்கள். வேலை, ஆபீஸ், கவலை ஆகிய சொற்கள் கூடாது. முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி வரும்: ‘பஸ் நிலையம் பரபரப்பாக இருந்தது. அவன் மனம் மட்டும் வெறுமையாக இருந்தது.’ இரண்டாவது வாக்கியம் கள்ளாட்டம். அதை அடித்துவிட்டு இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்தால் வேறொன்று வரும்:

‘எட்டேகால் 29சி நிரம்பிப் போனது. அடுத்ததில் படிக்கட்டுவரை கூட்டம். மூன்றாவது வண்டியில் ஜன்னலோர இருக்கையே காலி; கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்தார். டீக்கடை நிழல் பெஞ்சின் பாதிவரை வந்துவிட்டது.’

காலியாக வந்த வண்டியில் ஏன் ஏறவில்லை? வாசகர் அதைக் கேட்டுக்கொண்டால் போதும். மனநிலையைச் சொல்லவே இல்லை. எந்த விவரத்தைப் பொறுக்குவது என்பதில் அது வந்துவிட்டது.

ஒரே வாரத்தில் ஐந்து புதுப் பயிற்சி செய்யாதீர்கள். ஒன்றை எடுத்து ஐந்து நாள் செய்யுங்கள். முதல் இரண்டு நாள் சாமர்த்தியம் தீர்ந்த பிறகுதான் சரக்கு வெளியே வரும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ 1947இல் வெளியிட்ட ஒரு நூலில், பஸ்ஸில் நடந்த அற்ப விஷயத்தை 99 விதமாகச் சொல்லியிருக்கிறார். 99 வேண்டாம், நமக்கு நாலு போதும். பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டார். இதைப் போலீஸ் புகாராக, அம்மா தங்கைக்குப் போனில் சொல்வதாக, குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கையாக, பைக்கை நிறுத்தியவரின் சமாதானமாக எழுதுங்கள். சம்பவம் சப்பென்று இருப்பதே நல்லது. பெரிய சம்பவமென்றால் அதுவே கதையைத் தூக்கிப் போய்விடும், உங்கள் கைக்கு வேலை இருக்காது.

கெனோவும் நண்பர்களும் 1960இல் தொடங்கிய ஊலிப்போ குழு, நிபந்தனைகளையே தொழிலாகக் கொண்டது. அதில் சேர்ந்த ஜார்ஜ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகம் புழங்கும் ‘e’ என்ற எழுத்தே இல்லாமல் 1969இல் ஒரு முழு நாவல் எழுதினார். அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். ‘இருந்தது’ இல்லாமல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். வானம் நீலமாக இருந்தது, வீடு அமைதியாக இருந்தது, அவளுக்குச் சோகமாக இருந்தது என்று தமிழ்க் கதை எத்தனை முறை இந்தச் சொல்லில் போய்ச் சாய்கிறது என்று அப்போது தெரியும். வினைச்சொல்லைத் தேடி அலைய வேண்டிவரும். அதற்குத்தான் இந்தப் பாடு.

உரையாடலுக்குத் தனி வாரம் ஒதுக்குங்கள். இருவர் பேசுகிறார்கள், பெயர் இல்லை, ‘என்றான்’ இல்லை. யார் மூத்தவர், என்ன உறவு, எந்தப் பக்கத்து ஆட்கள் என்பது பேச்சிலேயே தெரிய வேண்டும். இதற்குக் காது வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டவர். அவர் கதைகளில் வரும் பேச்சுக்குப் பின்னால் அந்தச் சேகரிப்பு இருக்கிறது. காய்கறிக் கடையில் கேட்ட ஒரு வாக்கியத்தை அன்றிரவே எழுதி வைக்கலாம். ஒட்டுக்கேட்பது நல்ல பழக்கமில்லைதான், ஆனால் நம் தொழிலில் வேறு வழியில்லை.

வேற்றுமொழி தெரிந்தவர்கள் வாரம் ஒரு பத்தி மொழிபெயர்க்கலாம். தகழியின் ‘தோட்டியின் மகன்’, ‘செம்மீன்’ இரண்டையும் மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தவர் சுந்தர ராமசாமி. இன்னொருவர் எந்த இடத்தில் வாக்கியத்தை நிறுத்துகிறார் என்பது படிக்கும்போது தெரிவதைவிட மொழிபெயர்க்கும்போது பளிச்சென்று தெரியும்.

பயிற்சி நோட்டு தனியாக இருக்கட்டும், தேதி போட்டு. யாருக்கும் காட்டாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மறுநாளே கைதட்டலுக்காக எழுதத் தொடங்கிவிடுவீர்கள். மாதம் ஒருமுறை புரட்டி, எந்த இடத்தில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த மாதத்துப் பயிற்சி அங்கிருந்து வரும். கதை ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் நோட்டை மூடிவிடுங்கள். கதைக்குப் பயந்து பயிற்சியில் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு.

பத்திரிகைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. எழுதி முடித்த பழைய கதையின் 1200 சொல்லை 600 ஆக்குங்கள். சம்பவம் ஒன்றுகூடக் குறையக் கூடாது. பிறகு அதையே 300 ஆக்குங்கள். இடமில்லை, பாதியாக்கித் தர முடியுமா என்று உதவி ஆசிரியர் சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்தால், ஆறு மணிக்குள் அனுப்பிவிடலாம்.