இனமறிந்து கூட்டுக

ஞாயிற்றுக்கும் நாம் வாழும் புவிக்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு ஏறத்தாழ 14,96,00,000 கிலோமீட்டர் ஆகும். இவ்வாறு சுழிகள் நீளுங்கால் கண் மயங்கும், கையும் தவறும். ஒரு சுழி விடுபடின் தொலைவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பண்டைத் தமிழர் பேரெண்களுக்குத் தனிப் பெயர்கள் இட்டு வழங்கினர். ஆம்பல், கமலம், வெள்ளம் முதலிய எண்ணுப் பெயர்களைப் பரிபாடலில் காணலாம். இக்கால அறிவியலாரோ, பத்தின் அடுக்கைத் துணையாகக் கொண்டு, அத்தொலைவை 1.496 × 10⁸ எனச் சுருங்க எழுதுவர். இதுவே அறிவியற் குறியீடு. இதில் முன் நிற்கும் எண் ஒன்றுக்குக் குறையாமலும் பத்தை எட்டாமலும் இருத்தல் வேண்டும். 8 என்னும் அடுக்கு, தசமப் புள்ளியை வலப்புறமாக எட்டு இடம் நகர்த்துக என்று உணர்த்தும்.

இனி, இக்குறியீட்டில் அமைந்த எண்களைக் கூட்டும் முறையைக் காண்போம். சந்திர கிரகண இரவில் ஞாயிறு, புவி, திங்கள் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். புவி நடுவே நிற்கும். புவியிலிருந்து திங்களின் சராசரித் தொலைவு 3.844 × 10⁵ கிலோமீட்டர். எனவே, இவ்விரு தொலைவுகளையும் கூட்டினால் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு கிடைக்கும் அன்றோ?

அடுக்குகளை நோக்காத மாணவன் ஒருவன், 1.496 உடன் 3.844 ஐக் கூட்டி, 5.340 × 10⁸ என விடை எழுதினான் எனக் கொள்வோம். அவன் கணக்கின்படி, புவியை விட்டு நீங்காத திங்கள், செவ்வாயின் பாதையையும் கடந்து, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சென்று நிற்கும்! இப்பெரும் பிழை எங்கிருந்து வந்தது?

களத்து மேட்டிற்குச் செல்வோம். 12 மரக்கால் கொண்டது ஒரு கலம். 3 கலம் நெல்லோடு 6 மரக்கால் நெல்லைச் சேர்த்தால் 9 கலம் ஆகுமோ? ஆகாது. 6 மரக்கால் என்பது அரைக்கலம் என மாற்றிய பின்னரே, மொத்தம் மூன்றரைக் கலம் என உழவர் உரைப்பர். அவ்வாறே, அடுக்குகளை ஒன்றாக்கிய பின்னரே எண்களைக் கூட்டுதல் வேண்டும்.

10⁵ ஐ 10⁸ ஆக்கினால் அடுக்கு மூன்று ஏறும். அதற்கு ஈடாகத் தசமப் புள்ளி இடப்புறமாக மூன்று இடம் நகரவேண்டும்.

3.844 × 10⁵ = 0.003844 × 10⁸

1.496 × 10⁸ + 0.003844 × 10⁸ = 1.499844 × 10⁸

கூட்டுத்தொகையின் முன்னெண் பத்தை எட்டினால் மீண்டும் அதனைத் திருத்துதல் வேண்டும். சான்றாக, 9.6 × 10⁴ உடன் 7 × 10³ ஐக் கூட்டுக. 9.6 உம் 0.7 உம் சேர்ந்து 10.3 × 10⁴ ஆகும். அதனை 1.03 × 10⁵ என எழுதுதலே முறை.

கூட்டல் முடிந்தது, ஆயினும் பணி முடியவில்லை. ஞாயிற்றின் தொலைவைப் புள்ளிக்குப்பின் மூன்று இலக்கம் வரையே நாம் எடுத்துக்கொண்டோம். அவ்வாறிருக்க, விடையில் ஆறு இலக்கங்களை எழுதினால், நாம் கொள்ளாத நுட்பத்தைக் கொண்டதாகக் காட்டியவர் ஆவோம். ஆதலின் விடையை 1.500 × 10⁸, அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் என முழுமைப்படுத்துதல் வேண்டும்.

இனமறிந்து சேர்த்தலும், அறிந்த அளவே கூறுதலும் கணக்கிற்கு அழகு. அவை கற்றோர்க்கும் அழகாம்.