அந்த 40 மில்லி தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். "தயோசல்பேட்டும் அமிலமும்தானே வினைபுரியுது, நடுவில் தண்ணியை எதுக்கு மாமா அளந்து அளந்து ஊத்தச் சொல்றாங்க?" என்று போனில் கேட்டாய். பஸ் இரைச்சலில் சரியாகச் சொல்ல முடியவில்லை. ரெக்கார்டு நோட்டில் 'மொத்தம் 60 மில்லி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நீ கேட்டாயே, அதுவே பெரிது.

முதல் குடுவையில் தயோசல்பேட் 50 மில்லி, அமிலம் 10. கடைசிக் குடுவையில் தயோசல்பேட் 10, தண்ணீர் 40, அமிலம் 10. அந்த 40-ஐ விட்டுவிட்டுப் பார். முதலாவதில் ஆறில் ஒரு பங்காக இருக்கும் அமிலம், கடைசியில் சரிபாதி ஆகிவிடும். கரைசல் கலங்கி, குடுவையின் அடியில் வரைந்த பெருக்கல் குறி மறைய எடுக்கும் நேரம் மாறியது தயோசல்பேட்டாலா, அமிலத்தாலா? சொல்லவே முடியாது. போதாததற்குக் கரைசலின் உயரமும் குறைந்து, குறி இன்னும் கொஞ்ச நேரம் கண்ணில் படும். தண்ணீர் சும்மா நிற்கவில்லை. அமிலத்தின் செறிவை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆனால் இட்டு நிரப்புவது எப்போதும் வெறும் தண்ணீராக இருக்க முடியாது. இதை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு போட்ட கரைசலில் மருந்தைக் கரைத்தேன். பிறகு டிஸ்டில்டு வாட்டர் விட்டுப் பாதி, கால், அரைக்கால் என்று நீர்க்க வைத்து, குழாய்க்கு ஒரு சொட்டு ரத்தம் விட்டேன். மருந்து அதிகமுள்ள குழாய் கலங்கலாக இருந்தது. பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து தெரியவில்லை. மருந்து குறையக் குறைய நன்னாரி சர்பத் மாதிரி தெளிந்து, எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கலங்கல் என்றால் அணுக்கள் முழுசாக இருக்கின்றன, தெளிந்தால் உடைந்துவிட்டன. அப்படியென்றால் மருந்து அணுக்களைக் காப்பாற்றுகிறது! கால் தரையில் பாவாமல் சீனியரிடம் ஓடினேன். அவர் குழாய்களைப் பார்த்துவிட்டு, "உப்பு எங்கே போச்சு?" என்றார்.

0.9 சதவீத உப்பு 0.45, 0.225 என்று இறங்கியிருந்தது. அணுக்கள் தண்ணீரைக் குடித்து வெடித்திருந்தன. மருந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே உப்புக் கரைசலை விட்டு நீர்க்க வைத்திருந்தால் முடிந்தது வேலை.

அன்றிலிருந்து நான் இரண்டு பானை மோரை நினைத்துக்கொள்வேன். இரண்டிலும் ஒரே அளவு உப்பு. ஒன்றில் மட்டும் பச்சைமிளகாய். எந்த விகிதத்தில் கலந்தாலும் காரம்தான் மாறும், உப்பு மாறாது. பஃபரோ வேறு எதுவோ, கணக்கில் தடுமாறினால் இப்படி இரண்டு ஸ்டாக் செய்துகொள்.

சில சமயம் கூட்டினால் மட்டும் போதாது, ஈடாக ஒன்றை எடுக்கவும் வேண்டும். பொட்டாசியத்தை மட்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று வை. பொட்டாசியம் குளோரைடை அப்படியே போட்டால் குளோரைடும் மொத்த உப்பும் சேர்ந்தே ஏறும். அதனால் லிட்டருக்கு 9 கிராம் சோடியம் குளோரைடு ஒரு பாட்டில், 11.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஒரு பாட்டில். இரண்டும் 154 மில்லிமோலார். முதலாவதில் 93.5 மில்லியும் இரண்டாவதில் 6.5 மில்லியும் கலந்தால் பொட்டாசியம் 10 மில்லிமோலார்; குளோரைடு அதே 154.

பாட்டில்களுக்குக் கரைசல் செய்யும்போது, 'ஒரு லிட்டர் தண்ணீரில்' என்பதும் 'ஒரு லிட்டர் வரை' என்பதும் வேறு வேறு. உப்பில் வித்தியாசம் சொற்பம். ஒரு மோல் சர்க்கரையை, அதாவது 342 கிராமை, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் கரைசல் ஏறக்குறைய 1.2 லிட்டருக்கு வந்துவிடும். அதனால் முதலில் குறைந்த தண்ணீரில் கரைத்து, பீக்கரை அலசி ஊற்றி, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு கோடு வரை நிரப்பு.

தண்ணீரையும் நம்பிவிடாதே. லண்டனில் சிட்னி ரிங்கர் என்பவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து 1882-ல் கட்டுரை எழுதினார். பிறகு பார்த்தால், அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் செய்ததே அல்ல, குழாய்த் தண்ணீர். வடித்த நீரில் செய்த கரைசலில் இதயம் சீக்கிரமே ஓய்ந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருந்தது. 1883-ல் அவரே அதை எழுதித் திருத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டில் கண்ணில் பட்டால் லேபிளைப் படித்துப் பார். சோடியம், பொட்டாசியத்தோடு கால்சியம் குளோரைடும் இருக்கும்.

அன்புடன்,
மாமா