கொள்ளை நோயும் கட்டுப்பாடும்: ஏற்றவர்களும் மீறியவர்களும்





2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பள்ளியில் பாங்கு சொன்னோம். கூடவே, வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்றும் அறிவித்தோம். சிலர் உடனே கட்டுப்பட்டார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் மீறினார்கள். மீறியவர்கள் எல்லோரும் பொறுப்பற்றவர்களா? இதைத்தான் இன்று சிந்திக்க வேண்டும்.

ஸர்ஃக் என்ற இடத்தில்…

ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டார்கள். ஸர்ஃக் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமில் கொள்ளை நோய் பரவிவிட்டதாகத் தகவல் வந்தது. வரலாற்றில் இதை அம்வாஸ் கொள்ளை நோய் என்பார்கள்; ஹிஜ்ரி 18 வாக்கில் நடந்தது.

கலீஃபா நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் முதலில் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள்; அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. பிறகு அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் அப்படியே. மூன்றாவதாக, மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில், திரும்பிவிடுவோம் என்றார்கள். உமர் (ரலி) திரும்ப முடிவெடுத்தார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறோம் என்று கேட்டார்கள். அதற்காக அவர்களின் ஈமானை யாரும் சந்தேகிக்கவில்லை. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒட்டகத்தைப் பசும்புல் உள்ள பக்கம் மேய்த்தாலும் வறண்ட பக்கம் மேய்த்தாலும் அதுவும் விதிப்படிதானே என்று உதாரணமும் காட்டினார்கள். கடைசியில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் கூடாது, அங்கிருந்து தப்பி வெளியேறவும் கூடாது என்ற நபிமொழியை அறிவித்தார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பிச் சென்றார்கள்.

கவனியுங்கள். ஒருவருக்கு அனுபவசாலிகளின் ஆலோசனை போதும். ஒருவருக்கு விளக்கம் வேண்டும். ஒருவருக்கு ஹதீஸ் ஆதாரம் வேண்டும். எல்லோருக்கும் இடம் கொடுத்த பிறகே அந்தக் கூட்டம் ஊர் திரும்பியது.

பசித்தவரின் வாசல்

நான் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். ஊரடங்கின்போது பள்ளி மைக்கில், தெருவில் சுற்றுபவர்களைக் கடுமையாகப் பேசினேன். அதில் ஒருவர் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். பிறகுதான் தெரிந்தது, அவர் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. எனக்குச் சம்பளம் வந்தது. என்னால் வீட்டில் இருக்க முடிந்தது. என்னுடைய வசதியை நான் தக்வா என்று நினைத்துவிட்டேன். ஜமாஅத்தார் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு அவர் வண்டியை எடுக்கவில்லை. என் பேச்சு செய்யாததை ஒரு பை அரிசி செய்தது.

நம்பிக்கை உடைந்தால்

இலங்கையில் 2020-இல், கொரோனாவில் இறந்தவர்களின் உடலை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் விதி மாறவில்லை. பிறந்து 20 நாளான பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. பிறகு ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் நடந்தன. 2024-இல் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

ஜனாஸாவுக்குரிய கண்ணியம் கிடைக்குமா என்று அஞ்சும் குடும்பத்திடம், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்றால் கால் எப்படி நகரும்? நம்பிக்கையை உடைத்துவிட்டுக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்க முடியாது.

நமது கடமை

அருமைச் சகோதரர்களே! நாளை இன்னொரு நோய் வரலாம். அப்போது ஒருவர் மீறுவதைக் கண்டால் திட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அவருக்குப் புரியும்படி யாராவது சொன்னார்களா? அவர் வீட்டில் அரிசி இருக்கிறதா? சொல்பவர் மீது அவருக்கு நம்பிக்கை இருக்கிறதா? இந்த மூன்றையும் சரிசெய்வது ஜமாஅத்தின் பொறுப்பு. உயிரைக் காக்கும் கட்டுப்பாட்டுக்கு நாமும் கட்டுப்பட வேண்டும். கட்டுப்பட முடியாதவருக்குத் தோள் கொடுக்கவும் வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததிகளையும் கொடிய நோய்களிலிருந்து பாதுகாப்பானாக! அண்டை வீட்டாரின் நிலையறிந்து நடக்கும் நற்பாக்கியத்தைத் தருவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.