சிறுநீரகமும் நம் சீனிக் கணக்கும்



நாம் வைத்தியரல்லர். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, கூலிமில் மளிகைக் கடை நடத்திப் பிழைப்பவர். ஆயினும் சீனியை நாள்தோறும் நிறுத்துக் கொடுக்கும் கை நம்முடையது. கடையை விட்டுப் போன சீனி மனித உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை அறியாமலே பல ஆண்டுகள் நிறுத்துவிட்டோம். அதை அறிய நேர்ந்த விதம் வருத்தமானது. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் பாடம்.

உறுப்பும் அதன் வேலையும்

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டை உரிக்கும்போது, முதுகெலும்பின் இரு பக்கமும் கொழுப்புக்குள் புதைந்து, அவரை விதை வடிவில் இரண்டு உறுப்புகள் இருப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். நம் பெரியவர்கள் குண்டிக்காய் என்பார்கள். இக்காலத்தார் கிட்னி என்பார்கள். நூல்களில் சிறுநீரகம் என்று எழுதுவார்கள். மனிதனுக்கும் அதே இடத்தில் அதே வடிவில் இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் மூடிய கையளவு. எடை ஏறக்குறைய 150 கிராம். நம் கடையில் ஒரு சிறு பொட்டலத்தின் கனம், அவ்வளவே.

இந்தச் சிறு பொருள் செய்யும் வேலையைக் கேளுங்கள். இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. பெரிய எண்ணெய்த் தகரத்தால் அளந்தால் ஏறக்குறைய பத்துத் தகரம்! அவ்வளவையும் வெளியே விட்டால் மனிதன் என்னாவான்? ஆகவே வடித்த நீரில் வேண்டியதைத் திரும்ப எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக அனுப்பிவிடுகின்றன. வந்த சரக்கையெல்லாம் இறக்கிப் பார்த்து, நல்லதை அலமாரியில் அடுக்கி, கெட்டதை வெளியே எறியும் நாணயமான கடைப்பிள்ளையைப் போன்றது இவ்வேலை.

இம்மட்டோ? உடம்பின் உப்பையும் நீரையும் அளவில் வைப்பதும், இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்துவதும், புது இரத்தம் ஊறும்படி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு அனுப்புவதும், எலும்புக்கு உறுதி தரும் வைட்டமின் டி சத்தைப் பயன்படும்படி ஆக்குவதும் சிறுநீரகமே. அது கெட்டவர்கள் இரத்தம் குறைந்து வெளிறிப்போவதும், கால் வீங்குவதும், எலும்பு பலவீனமாவதும் இதனாலேதான்.

சீனி செய்யும் சேதம்

வடித்த நீரில் சீனியும் இருக்கும். சிறுநீரகம் அதை வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரத்தச் சீனி, நம் கிளினிக்குகளில் சொல்லும் கணக்கில், 10 என்ற அளவைத் தாண்டினால் எடுத்ததுபோக மிச்சம் சிறுநீரில் வழிந்துவிடும். சிறுநீரில் எறும்பு மொய்த்ததைக் கண்டு முற்காலத்து வைத்தியர்கள் இந்நோயை அறிந்ததும், நாம் இதை இனிப்பு நீர் என்று அழைப்பதும் இக்காரணம் பற்றியே.

இரத்தத்தில் சீனி ஆண்டுக்கணக்கில் மிகுந்து நின்றால் மெல்லிய இரத்தக் குழாய்கள் கெடும். கண்ணில் கெட்டால் பார்வை மங்கும். சிறுநீரகத்தில் கெட்டால் வடிகட்டி பழுதாகி, உள்ளே நிற்கவேண்டிய புரதச் சத்து சிறுநீரில் கசியும். சிறுநீர் நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நிற்பது அதற்கு ஓர் அடையாளம். ஆயினும் தொடக்கத்தில் நுரையும் தெரியாது; வலியும் இராது. பல்லில் சொத்தை விழுந்தால் பல் நம்மைத் தூங்கவிடாது. சிறுநீரகமோ பாதிக்கு மேல் கெட்டபின்னும் ஒரு முனகல் இன்றி உழைத்துக்கொண்டிருக்கும். நாமும் நலமாயிருப்பதாக எண்ணிக்கொண்டிருப்போம்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடமோ 100க்கு 30 பேருக்குக் குறையவில்லை. இந்நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலைக்குப் புதிதாக வருவோரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீரே காரணம்.

நம்மவர்க்கு ஏன் இந்த நிலை? பரம்பரையும் ஒரு காரணம் என்கிறார்கள். பழக்கமும் ஒரு காரணம். விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டப் போன தோட்டத்து மக்கள், இனிப்பான தேநீரைக் குடித்தார்கள். ஏறி இறங்கி நடந்தே அதை எரித்தார்கள். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலையில் நின்ற இடத்திலும் உட்கார்ந்த இடத்திலும் வேலை செய்கிறார்கள். நடை போய்விட்டது, தே தாரிக் மட்டும் போகவில்லை. அதில் ஊற்றும் கெட்டிப்பாலில் ஏறக்குறைய பாதி சீனியே. 2019 ஜூலையில் அரசாங்கம் சீனி பானங்களுக்கு வரி விதித்தது. ஆனால் கோப்பையில் நாம் கலக்கிக் குடிப்பதற்கு எந்த வரியும் இல்லை. அதற்கு நம் கையே காவல்.

மாத்திரையா, சீனியா?

நிற்க. முன்னே சொன்ன வருத்தமான செய்திக்கு வருகிறோம்.

பாடாங் செராய் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் மரம் வெட்டிய பெரியவர் ஒருவர் நம் கடைக்கு வாடிக்கை. ஒரு நாள் அவர் சொன்னார்: "பாய், சீனி மாத்திரை தின்னா கிட்னி போயிடுமாம். நான் நிறுத்திட்டேன். அந்தப் பொடி ரெண்டு டின் கொடுங்க."

அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. டின்னில் பதிவு எண்ணும் இல்லை. "மாத்திரையை ஏண்ணே நிறுத்துறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு டின்னையும் எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் பெட்டியில் போட்டோம். இரண்டு ஆண்டுகள் சென்றபின் அவர் கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்று சொல்லிவிட்டார்கள்.

பொடிதான் கெடுத்தது என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் மருந்தில்லாமல் போன அந்த இரண்டு ஆண்டில் நமக்கும் பங்கு உண்டு. அன்றோடு பதிவில்லாத மருந்துச் சரக்கைக் கடையிலிருந்து அகற்றிவிட்டோம். நாமும் போய் இரத்தமும் சிறுநீரும் சோதித்தோம். சீனியும் இருந்தது, புரதக் கசிவும் சிறிது இருந்தது. உடம்பில் எந்தக் குறையும் தெரியாத நாளில் கிடைத்த செய்தி அது.

சகோதரர்களே, இதை நன்றாக மனத்தில் பதியுங்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத சீனியும் அடங்காத இரத்த அழுத்தமும்தான். சீனி மாத்திரை அதைக் காக்கும் பொருட்டே தரப்படுகிறது. சிறுநீரகம் பலவீனப்பட்டவர்க்குச் சில மாத்திரைகளின் அளவைக் குறைப்பார்கள், அல்லது மாற்றுவார்கள். அதைக் கண்டுதான் மாத்திரையால் கெட்டது என்ற பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். கட்டுப்பாடில்லாமல் விழுங்கும் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு என்பது மெய். பதிவில்லாத பொடிகளிலும் லேகியங்களிலும் ஸ்டீராய்டு முதலிய மருந்துகளை மறைத்துக் கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே மருந்து வாங்கும்போது மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிரும் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இயந்திரமும் சிறுநீரகமும்

சிறுநீரகம் நின்றுவிட்டால் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். இதை ஆக்கியவர் ஹாலந்து தேசத்து வைத்தியர் வில்லெம் கோல்ஃப். 1943இல், ஜெர்மானியர் பிடியில் தம் நாடு இருந்த வேளையில், இறைச்சி அடைக்கும் செல்லோபேன் குழாயைக் கொண்டே அவர் முதல் இயந்திரத்தைச் செய்தார். அதனால் முதல் உயிர் பிழைத்தது 1945இல்தான். 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இரட்டைச் சகோதரர்களுள் ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் கொடுத்தார், அது வெற்றியாயிற்று. கோலாலம்பூரில் முதல் மாற்று அறுவை 1975இல் நடந்தது.

இயந்திரம் பெரும் உபகாரமே. எனினும் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி, ஆக 12 மணி நேரம் அது உழைக்கிறது. நம் சிறுநீரகமோ வாரத்தின் 168 மணி நேரமும் கூலியின்றி உழைக்கிறது. அந்தப் பெரியவர் இப்போதும் கடைக்கு வருகிறார். நம்மை ஒரு சொல் கடிந்ததில்லை. "பாய், இப்பத் தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கிறேன்" என்றார். ஆயுளெல்லாம் தராசு பிடித்த நமக்கு அன்று தலை நிமிரவில்லை.

நோன்பும் நோயாளியும்

ரமலானில் நோன்பு பிடிக்க விரும்பும் இனிப்பு நீர் நோயாளிகள், மாதம் பிறக்கச் சில வாரம் முன்னரே வைத்தியரைக் கண்டு மாத்திரை நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். சீனி 3.9க்குக் கீழே இறங்கினாலும் 16.6க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் ஆலோசனை. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. அதை ஏற்பதில் வெட்கம் என்ன?

நாம் செய்யவேண்டியவை

இனிப்பு நீரோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சோதியுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்; சந்தேகம் இருந்தால் வைத்தியரிடமே கேளுங்கள். உப்பைக் குறையுங்கள். தே தாரிக்கைக் குறையுங்கள். புகையை விடுங்கள். நாள்தோறும் நடங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தை நிறுத்திவிட்டேன் என்று எவரேனும் உங்கள் கல்லாவின் முன் சொன்னால், காசை வாங்குமுன் ஏனென்று ஒரு கேள்வி கேளுங்கள். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.