உயர் அழுத்த உயிர்வளிச் சிகிச்சை

1872ஆம் ஆண்டு. நியூயார்க் நகரில் புரூக்ளின் பாலத்தின் தூணுக்கு அடித்தளம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆற்றின் அடியில், கவிழ்த்து வைத்த மாபெரும் மரப்பெட்டி ஒன்றினுள் நின்று தொழிலாளர்கள் மண்ணைத் தோண்டினர். நீர் உள்ளே புகாமல் இருக்க, பெட்டிக்குள் காற்றை அழுத்தி நிரப்பியிருந்தனர். பெட்டி ஆழமாக இறங்க இறங்க, காற்றின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருந்தது.

உள்ளே இருந்தவரை ஆட்களுக்குத் தொல்லை இல்லை. மேலே வந்த பிறகுதான் துன்பம் தொடங்கியது. முழங்காலிலும் தோளிலும் தாங்க முடியாத வலி. சிலருக்குக் கால்கள் மரத்துப்போயின. சிலர் இறந்தும் போயினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கையும் இந்நோய் முடக்கிப்போட்டது. அதன்பின் அவருடைய மனைவி எமிலி, கணவரின் அறிவுரைகளைப் பொறியாளர்களிடம் கொண்டு சேர்த்து, 1883இல் பாலம் திறக்கப்படும்வரை பணியைக் கவனித்துக்கொண்டார்.

இந்நோயின் காரணத்தைப் பிரெஞ்சு அறிவியலாளர் போல் பெர் 1878இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்தில் கரைகிறது. அழுத்தம் திடீரெனக் குறைந்தால், கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பொங்கி எழுகிறது. மூடியைத் திறந்ததும் சோடா போத்தலில் நுரை எழுவதும் இதே காரணத்தால்தான். இரத்தக் குழாயில் எழும் குமிழியோ இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும்.

வலியால் துடித்தவர்கள் மீண்டும் அழுத்தக் காற்றுக்குள் சென்றால் வலி தணிந்தது. இதைக் கவனித்த பொறியாளர் எர்னஸ்ட் மோயர், 1890ஆம் ஆண்டளவில், ஹட்சன் ஆற்றின் அடியில் சுரங்கப்பாதை தோண்டிய இடத்தில் காற்றழுத்த அறை ஒன்றை நிறுவினார். நோயாளியை உள்ளே வைத்து அழுத்தத்தைக் கூட்டினர். குமிழிகள் சுருங்கி மறுபடியும் கரைந்தன. பிறகு அழுத்தத்தை மிக மெதுவாகக் குறைத்தனர். அங்கு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. இன்று மருத்துவமனைகளில் காணப்படும் உயர் அழுத்த அறை அந்த அறையின் வழிவந்ததே. கடலில் முக்குளித்து விரைவாக மேலே வந்து இந்நோய்க்கு ஆளாவோருக்கு இன்றும் இதுவே முதன்மைச் சிகிச்சை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் மலேசியாவின் லுமூட் இராணுவ மருத்துவமனையிலும் இத்தகைய அறைகள் உள்ளன.

மோயர் பயன்படுத்தியது வெறும் காற்று. இக்காலத்தில் நோயாளி சுவாசிப்பது ஆக்சிஜன் எனப்படும் தூய உயிர்வளி. இங்கே ஒரு கேள்வி எழலாம். இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே ஏறத்தாழ முழுமையாக உயிர்வளியால் நிரம்பிவிடுகிறது. இருக்கைகள் எல்லாம் நிறைந்த பேருந்தில் மேலும் பயணிகளை எங்கே ஏற்றுவது?

விடை, அழுத்தத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் உள்ள அழுத்தத்தை 1 மடங்கு என்று கொண்டால், கடலுக்குள் 10 மீட்டர் ஆழத்தில் அது 2 மடங்கு. 20 மீட்டரில் 3 மடங்கு. சிகிச்சை அறையில் அழுத்தம் பெரும்பாலும் 2 முதல் 3 மடங்கு வரை உயர்த்தப்படுகிறது. அப்போது உயிர்வளி சிவப்பணுவை நம்பியிராமல், இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கரைகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இவ்வாறு கரைந்திருப்பது சுமார் 0.3 மில்லிலிட்டர் மட்டுமே. 3 மடங்கு அழுத்தத்தில் தூய உயிர்வளியைச் சுவாசித்தால் அது ஏறக்குறைய 6 மில்லிலிட்டராகிறது. ஓய்வாக இருக்கும் உடலுக்கு இதுவே கிட்டத்தட்டப் போதும். 1960இல் நெதர்லாந்து அறுவை மருத்துவர் போரிமா, சிவப்பணுக்கள் அநேகமாக முழுவதும் நீக்கப்பட்ட பன்றிக்குட்டிகளை இவ்வறையில் உயிருடன் வைத்திருந்து இதை மெய்ப்பித்தார்.

தீவிபத்தில் புகையைச் சுவாசித்தவரின் ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொள்கிறது. சாதாரணக் காற்றில் அந்த நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். உயர் அழுத்த உயிர்வளியில் அரை மணி நேரத்திற்குள்ளாகவே குறைந்துவிடும். நீரிழிவால் காலில் ஏற்பட்டு எளிதில் ஆறாத சில புண்களுக்கும், புற்றுநோய்க் கதிர்வீச்சால் பழுதடைந்த திசுக்களுக்கும் பல வாரங்கள் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

இதனால் எல்லா நோயும் தீருமா? தீராது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர் கன்னிங்ஹாம் 1928இல் ஏறத்தாழ 20 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை மருத்துவமனையாகக் கட்டி, அழுத்தக் காற்றால் நீரிழிவும் புற்றுநோயும்கூடக் குணமாகும் என்றார். மருத்துவச் சங்கம் சான்று கேட்டது. அவரால் தர இயலவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அந்த உருண்டை பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. முதுமையைத் தடுக்கும் என்று இக்காலத்தில் வரும் விளம்பரங்களையும் அதே கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்.

அறையின் கதவு மூடியதும் நோயாளி முதலில் உணர்வது காது அடைப்பு. விமானம் இறங்கும்போது செய்வதுபோல் எச்சிலை விழுங்கியோ மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ அதைச் சரிசெய்யலாம். வலித்தால் உடனே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொண்டால் செவிப்பறை கிழியக்கூடும். அழுத்தம் குறையும்போது மூச்சை அடக்கவே கூடாது. உள்ளே விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பவர், அதற்குச் சிகிச்சை பெறாமல் இவ்வறைக்குள் செல்லவே கூடாது. உயிர்வளியும் அளவு மிஞ்சினால் நஞ்சுதான், வலிப்பு வரக்கூடும். அதனால்தான் இடையிடையே சில நிமிடங்கள் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சொல்கிறார்கள். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம் என்பதால், உள்ளே அனுப்பும் முன் அதைச் சோதிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது நெருப்பு. உயிர்வளி தானாக எரியாது. ஆனால், மற்றவற்றை மூர்க்கமாக எரியவைக்கும். 1997 அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் ஓர் அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தனர். நோயாளி ஒருவர் கை குளிருக்காக உள்ளே கொண்டுவந்த சிறிய சூடேற்றியிலிருந்தே தீ தொடங்கியதாகக் கூறப்பட்டது.

அதனால் நோயாளி மருத்துவமனை தரும் பருத்தி ஆடையைத்தான் அணிய வேண்டும். கைப்பேசி, பேட்டரி, தீப்பெட்டி எதுவும் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாலும், மூட்டுவலிக்குத் தைலம் தடவியிருந்தாலும் கழுவிவிட்டே வர வேண்டும். முப்பதாவது முறையாக வருபவரிடமும், கதவை மூடும் முன் தாதி அதே கேள்வியைக் கேட்கிறார்: “பையில் ஏதாவது இருக்கிறதா, ஐயா?”