கார் ரேடியோவில் சத்தம் குறைகிறதா?



"செட்டு ஓடுதுப்பா, ஆனா சவுண்டுதான் ஏற மாட்டேங்குது!" பழைய டிரான்ஸிஸ்டர் கார் ரேடியோவைக் கொண்டுவருபவர்கள் அதிகம் சொல்வது இதுதான். முழுக்கச் செத்த செட்டைக்கூடச் சீக்கிரம் பிடித்துவிடலாம். இதில் எல்லா ஸ்டேஜும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்வதால் தலை சுற்றும். எனவே வரிசையாகப் பார்ப்போம்.

முழுவதும் டிரான்ஸிஸ்டரால் ஆன முதல் கார் ரேடியோ 1955-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கார்களுக்காக வந்தது. 1960-களின் செட்டுகளில் பெரும்பாலும் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்களே இருக்கும். பேஸ்–எமிட்டர் மின்னழுத்தம் சிலிக்கானில் சுமார் 0.6 வோல்ட், ஜெர்மானியத்தில் 0.1 முதல் 0.3 வோல்ட்தான். இதை மறந்தால் நல்ல டிரான்ஸிஸ்டரையே கழற்றி எறிவோம்.

1. சப்ளை: செட்டு ஓடும்போதே அதன் உள்ளே 12 வோல்ட் வருகிறதா என்று அளக்கவும். ஃபியூஸ் ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் அங்கேயே வோல்ட் விழும். பாடி பாசிட்டிவா, நெகட்டிவா என்பதை முதலில் உறுதிசெய்யவும். பழைய வண்டிகளில் இரண்டும் உண்டு.

2. ஸ்பீக்கர்: நல்லதொரு ஸ்பீக்கரை மாற்றிப் பார்க்கவும். ஓம்ஸ் அதே மதிப்பாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் செட்டை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸிஸ்டர் போய்விடலாம்.

3. இரண்டாகப் பிரித்தல்: வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் 0.47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் வழியாக செல்போனின் பாட்டைக் கொடுக்கவும். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது. சத்தம் பலமாக வந்தால் ஆடியோ பகுதி நலம். குறை டிடெக்டர், ஐ.எஃப். அல்லது ஏரியல் பக்கம். இங்கும் சத்தம் குறைவென்றால் ஆடியோவில்தான் கோளாறு.

4. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்: பெரும்பாலும் குற்றவாளி இவர்தான். வருடக்கணக்கில் உள்ளே காய்ந்துபோகும். எமிட்டர் பைபாஸ் கெபாசிட்டர் காய்ந்தால் என்ன ஆகும்? கணக்குப் போடுவோம். கலெக்டர் ரெசிஸ்டர் 2200 ஓம், எமிட்டர் ரெசிஸ்டர் 470 ஓம், மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் என்க. டிரான்ஸிஸ்டரின் உள் எமிட்டர் தடை சுமார் 25 ஓம். கெபாசிட்டர் நன்றாக இருந்தால் கெயின் 2200 ÷ 25 = 88. காய்ந்துவிட்டால் 2200 ÷ 495 = 4.4 மட்டுமே. ஏறக்குறைய 20 மடங்கு வீழ்ச்சி! ஆனால் டி.சி. வோல்டேஜ் எதுவும் மாறாது. மீட்டரை வைத்துக்கொண்டு நாம் ஏமாறுவது இங்கேதான்.

செட்டை ஆஃப் செய்து, அதே மதிப்புள்ள நல்ல கெபாசிட்டரை இணையாக வைத்து ஆன் செய்யவும். சத்தம் ஏறினால் பழையதை மாற்றிவிடலாம். பி.என்.பி. செட்டில் பிளஸ், மைனஸ் நாம் நினைப்பதற்கு மாறாக இருக்கலாம். அளந்து பார்த்தே வைக்கவும். கெபாசிட்டர் கசிந்தால் இந்தச் சோதனை உதவாது; ஒரு காலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

5. பயாஸ் பிரீசெட்டைக் கண்டபடி திருகாதீர்கள். ஜெர்மானியம் சூடானால் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் கூடினால் சூடு இன்னும் ஏறும்.

என் அனுபவம் ஒன்று. முதல் செட்டில் இந்த வரிசையை விட்டுவிட்டு நேரே அவுட்புட் டிரான்ஸிஸ்டரிடம் போனேன். மீட்டர் முனை வழுக்கிக் கலெக்டரையும் பேஸையும் சேர்த்துத் தொட்டது. ஒரு நொடிதான், ஆள் காலி! பிறகுதான் தெரிந்தது, உண்மையான கோளாறு ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் என்று. கெபாசிட்டர் எந்தக் கடையிலும் கிடைத்தது. அந்த டிரான்ஸிஸ்டர் கிடைக்கவே இல்லை. நல்லா இருந்த பொருளைக் கெடுத்தது நான்தான் என்று செட்டின் சொந்தக்காரரிடம் சொல்வது லேசான காரியமா?

ஆகவே நண்பர்களே, சால்டரிங் அயர்ன் சூடாவதற்குள் கொஞ்சம் யோசித்துவிடுவோம். கோளாறை முதலில் கண்டுபிடி, பிறகு கழற்று!